ஆம்பூர் ஷூவுக்குள் குடியாத்தத்து நார்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தைத்து முடித்துப் பெட்டிக்குப் போகும் ஒரு ஜோடியைப் பிரித்துப் பார்த்தால், அதில் தோல் இருக்கும் இடம் மேல்பகுதியும் சிலவற்றில் உள்பக்க லைனிங்கும்தான். பாதம் பதியும் இடத்தில் அழுத்திய அட்டையாலான இன்சோல் போர்டு இருக்கும். குதிகாலை நிமிர்த்திப் பிடிக்க ஒரு கவுன்ட்டர், விரல் பக்கம் வடிவம் குலையாதிருக்க ஒரு டோ பஃப், நுரைத் தகடு, பாலியஸ்டர் நூல், நாடா, உள்ளே திணித்து வைக்கும் தாள், கடைசியில் அட்டைப் பெட்டி. தோலுக்கு உலகப் பெயர் வாங்கிய வட்டாரம், இந்தத் துணைப் பொருள்களில் பலவற்றை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருக்கிறது.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வழியாகக் குடியாத்தம் போக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகலாம், அவ்வளவுதான். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கங்களில் தென்னையும் உண்டு, வாழையும் உண்டு. உரித்த தேங்காய் மட்டையில் ஒரு பகுதி நார் மில்லுக்குப் போகிறது, மீதி அடுப்புக்கு. குலை வெட்டிய வாழை மரம் சாய்த்த இடத்திலேயே அழுகுகிறது. அதை அப்புறப்படுத்தி அடுத்த பயிருக்கு நிலத்தைத் தயார் செய்ய விவசாயி கைக்காசு போட்டு ஆள் வைக்கிறார்.

தாவர நார் உற்பத்தியைச் சொந்தக் காலில் நிறுத்துவது பற்றித் தமிழ்நாட்டில் நெடுநாளாகப் பேசுகிறோம். பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது: பயிற்சி முகாம், இயந்திரத்துக்கு மானியம், கண்காட்சியில் ஒரு கடை, அந்தக் கடையில் கூடையும் மிதியடியும் கைப்பையும். இவற்றால் பிழைத்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பெண்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் எத்தனை கூடை வாங்குவார்கள்? ஒரு மூலப்பொருள் தொழிலாக நிலைக்க வேண்டுமானால், அதை மாதம் தவறாமல் டன் கணக்கில், சொன்ன தரத்தில், சொன்ன விலைக்கு வாங்குகிற ஆலை வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அப்படி வாங்கக்கூடிய ஆலைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்தக் கொள்முதல்தான் முதலில் வர வேண்டும். அது வந்தால் இயந்திரமும் பயிற்சியும் பின்னாலேயே வரும். இத்தனை காலம் நாம் இதைத் தலைகீழாகச் செய்துவந்திருக்கிறோம்.

தோல் அல்லாதது என்றால் எது?

இதைப் பேசுவதற்கு இப்போதைவிடப் பொருத்தமான நேரம் வராது. தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட காலணி, தோல் பொருள்கள் கொள்கை, தோல் அல்லாத காலணிகளுக்கும் சம இடம் கொடுத்தது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹோங் ஃபு நிறுவனம் 1,500 கோடி ரூபாய் முதலீட்டில், 25,000 பேருக்கு வேலை என்ற உறுதியோடு வருகிறது. 2024 டிசம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டும் காலணித் துறைக்கு ஒரு தனித் திட்டத்தை அறிவித்து, தோல் அல்லாத காலணிகளுக்கான வடிவமைப்புத் திறன், உதிரிப் பொருள்கள், இயந்திரங்கள் மூன்றையும் அதில் சேர்த்தது.

தோல் அல்லாதது என்று இந்த ஆவணங்கள் சொல்லும்போது, நடைமுறையில் அது பாலியஸ்டர் துணி, பாலியூரித்தேன் பூச்சு, செயற்கை நுரை. எல்லாம் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. தோல் பதனிடுவதால் பாலாறு கெட்டது என்று ஒரு தலைமுறை போராடி, அதற்கு மாற்றாக நாம் கொண்டுவருவது நெகிழி மட்டும்தான் என்றால், அது இந்த மண்ணுக்குச் செய்யும் நியாயமா? தோலுக்கும் நெகிழிக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பொருளுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை யாரும் கேட்டு வாங்காததால் காலியாகக் கிடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் தோராயக் கணக்கு. ஒரு ஜோடி ஷூவின் இன்சோல் போர்டுக்கும் குதிகால் தாங்கிக்கும் சேர்த்து 100 கிராம் நார் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5,000 ஜோடி தைக்கும் ஓர் ஆலைக்கு நாளுக்கு 500 கிலோ நார் வேண்டும். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 150 டன். ஆயிரம் மட்டையிலிருந்து 80 முதல் 100 கிலோ தென்னை நார் கிடைக்கும். 150 டன்னுக்கு ஏறக்குறைய 17 லட்சம் மட்டை தேவை. ஒரு மரம் ஆண்டுக்கு 80 காய், ஏக்கருக்கு 70 மரம் என்று எடுத்தால் அது 300 ஏக்கர் தோப்பின் மட்டை. ஒரே ஒரு நடுத்தர ஆலை, ஷூவுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற இரண்டே இரண்டு உறுப்புகளுக்காக வாங்குவது இவ்வளவு. நாருக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் ஜோடிக்கு 4 ரூபாய்தான் ஏறும். பல ஆயிரம் ரூபாய்க்கு ஐரோப்பியக் கடையில் விற்கும் ஷூவில் அந்த 4 ரூபாய் யாரையும் நொடித்துவிடாது.

பாலாற்றங்கரை இழந்தது

இந்த வட்டாரத்தில் நிலம் என்றாலே அதற்கு ஒரு வழக்கு எண்ணும் உண்டு. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஆக்கியது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்ச் சொச்சம். தென்னையும் நெல்லும் கரும்பும் விளைந்த நிலத்துக்கு, உப்பேறிய கிணற்றுக்கு, அதுதான் விலை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இழப்பீட்டைக் கொடு, மாசைக் கண்காணிக்கக் குழு அமை என்று முப்பது ஆண்டு நெருங்கும் நேரத்தில் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த நிலங்களில் நார்ப் பயிர் வைக்கலாமே என்று சிலர் சுலபமாகச் சொல்வதுண்டு. சாப்பிடும் பொருள் இல்லையே, நஞ்சு இருந்தால் என்ன என்பது அவர்கள் வாதம். இதில் பாதிதான் ஏற்கத்தக்கது. பாலாற்றங்கரையின் பெரும்பகுதி நிலத்தைக் கெடுத்தது பச்சைத் தோலைப் பாதுகாக்கப் பயன்படும் சாதாரண உப்பு. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம், புளிச்சையும் கற்றாழையும் மிகுந்த வளம் கேட்காதவை. இப்படிப்பட்ட நிலத்தில் மண்ணையும் தண்ணீரையும் சோதித்துவிட்டு முயன்று பார்க்க இடமுண்டு. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையைச் சுற்றிய நிலம் வேறு விஷயம். அங்கே லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடக்கிறது. அதை அகற்றிச் சீர்படுத்தும் பொறுப்பை, ஏதோ ஒரு பயிரை நட்டுவிட்டோம் என்று சொல்லி அரசு தட்டிக்கழிக்கக் கூடாது. அங்கே நாரைக் கையால் உரிக்கப்போவது ஒரு பெண். அவர் கைக்கு என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி.

நூற்றில் நாலு பங்கு

தாவர நார்த் தொழில் ஏன் இத்தனை முறை எழுந்து விழுகிறது? அதன் அடிப்படைக் கணக்கிலேயே சிக்கல் இருக்கிறது. செடியில் நார் என்பது சிறு பகுதி. குலை வெட்டிய ஒரு வாழை மரத்தில் கிடைக்கும் உலர்ந்த நார் சுமார் 200 கிராம். மரத்தின் எடையில் அது நூற்றுக்கு ஒரு பங்குதான். ஏக்கருக்கு ஆயிரம் மரம் என்றால் 200 கிலோ. ஒரு டன் நாருக்கு ஐந்து ஏக்கர் வாழையை, எடையாகச் சொன்னால் நூறு டன் தண்ணீர்ச் சுமையை, நகர்த்த வேண்டும். மரத்தை லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுவந்தால் டீசல் செலவிலேயே லாபம் கரைந்துவிடும். நார் எடுக்கும் இயந்திரம் வயலுக்குப் போக வேண்டும், நார் மட்டுமே ஊருக்கு வர வேண்டும். மானியத்தில் வாங்கிய இயந்திரத்தை ஊர்ப் பொதுக் கட்டடத்தில் நிலையாகப் பொருத்தியவுடனேயே அந்தத் திட்டம் பாதி தோற்றுவிடுகிறது.

இதில் தான்சானியாவின் அனுபவம் நமக்குப் பாடம். 1964 வாக்கில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்து முப்பதாயிரம் டன் சிசல் கற்றாழை நார் எடுத்து உலகில் முன்னணியில் நின்ற நாடு அது. ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணைகளில் வைக்கோல் கட்டுவதற்கு அந்தக் கயிறு போனது. பாலிபுரொப்பிலீன் கயிறு சந்தைக்கு வந்தது, தோட்டங்கள் நாட்டுடைமையாகி நிர்வாகமும் தளர்ந்தது. உற்பத்தி சரிந்து சரிந்து 20,000 டன் அளவுக்கு இறங்கிவிட்டது. கற்றாழை மடலில் நார் நூற்றில் நாலு பங்குதான். மீதி 96 பங்கைக் கழிவாக ஓடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். 2007 வாக்கில் டாங்கா பகுதியின் ஹேல் தோட்டத்தில் அந்தக் கழிவிலிருந்து எரிவாயுவும் மின்சாரமும் எடுக்க ஓர் ஆலை அமைத்தார்கள். நாலு பங்கை விற்று நூறு பங்குச் செலவைச் சுமக்க முடியாது என்பது அவர்களுக்குப் பெரும் வீழ்ச்சிக்குப் பிறகுதான் உறைத்தது.

நம்மிடம் இதற்கான அறிவு ஏற்கெனவே இருக்கிறது. வாழை மரத்தைப் பிழியும்போது வரும் சாற்றைத் திரவ உரமாக்கும் முறையைக் குஜராத்தின் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கி விற்பனைக்கும் கொண்டுவந்தது. வாழை ஆராய்ச்சிக்கு என்றே திருச்சியில் ஒரு தேசிய மையம் இருக்கிறது. நார் எடுத்த பின் எஞ்சும் சக்கையை மண்புழு உரமாக்கலாம், தாள் கூழுக்கும் கொடுக்கலாம். தென்னையிலும் இதே கதைதான். ஒரு பங்கு நாருக்கு இரண்டு பங்கு தென்னை நார்க் கழிவு, அதாவது பித், வருகிறது. ஒரு காலத்தில் மில் வாசலில் மலையாகக் குவிந்து தொல்லையாக இருந்த அந்தத் தூள், இன்று மண்ணில்லா விவசாயத்துக்காக ஏற்றுமதியாகி, இந்தியக் கயிறுத் துறையின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கை ஈட்டித் தருகிறது. நாரை விடத் தூளுக்கு மதிப்பு கூடிவிட்டது.

இவ்வளவு இருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்து மஞ்சி மில்கள், அதாவது தென்னை நார் மில்கள், பட்ட பாடு நமக்குத் தெரியும். 2021-22இல் கயிறுப் பொருள் ஏற்றுமதி 4,340 கோடி ரூபாயைத் தொட்டது. நாரை அள்ளி வாங்கிக்கொண்டிருந்த சீனா கையைச் சுருக்கியதும் விலை படுத்துவிட்டது. பல மில்கள் வாரத்தில் சில நாள் மட்டும் ஓடின, சில கதவடைத்தன. ஒரே நாட்டை, அதுவும் பதப்படுத்தாத நாரை வாங்கிப்போகும் ஒரே வகை வியாபாரியை நம்பியதன் விளைவு. கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறது, 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரை குவிண்டால் 11,582 ரூபாய். சணலுக்கும் இருக்கிறது, 2025-26க்கு 5,650 ரூபாய். தேங்காய் மட்டைக்கோ நாருக்கோ எதுவும் இல்லை.

சணல் இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்கு ஆதரவு விலையை விடப் பெரிய காரணம் 1987இல் வந்த சட்டம். அரசு கொள்முதல் செய்யும் உணவு தானியம் முழுவதையும், சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கையும் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று அதன்கீழ் வரும் ஆணை சொல்கிறது. வங்காளத்து விவசாயிக்கு அந்தச் சாக்கு உறுதி. ஆனால் சட்டத்தின் நிழலில் மட்டும் வாழ்ந்ததால் சணல் ஆலைகள் புதுப் பொருளுக்குப் பெரிதாக மெனக்கெடவில்லை என்ற குறையும் உண்டு. பிலிப்பைன்ஸின் அபாக்கா நார் வேறு வழியில் தப்பித்தது. வாழையின் உறவினமான அந்தச் செடியின் நார், ஈரத்தில் கிழியாத தேயிலைப் பைக்கும் பணத்தாளுக்கும் ஏற்றது. நெகிழி எளிதில் நுழைய முடியாத ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டதால் அதற்கு விலை நிற்கிறது. ஜெர்மானிய, ஜப்பானியக் கார் நிறுவனங்கள் ஆளி, புளிச்சை நார்களைக் கதவின் உள்பலகையில் வைக்கின்றன. வண்டியின் எடை குறைகிறது என்பதால் வைக்கிறார்கள். யாரும் இரக்கப்பட்டு வாங்கவில்லை.

ஆவாரம் பட்டையின் கதை

தாவரப் பொருளும் தோல் ஆலையும் சேர்ந்து வாழ்ந்த காலம் ஒன்று இந்த வட்டாரத்துக்கு உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சென்னை மாகாணத்தின் தோலுக்கு லண்டன் சந்தையில் தனிப் பெயர். ஈ.ஐ. தோல் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கிழக்கிந்தியத் தோல். அதற்கு நிறமும் உறுதியும் தந்தவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். ஆவாரை எங்கும் முளைக்கும். தரிசிலும் ரோட்டோரத்திலும் வளர்ந்த புதரின் பட்டையை உரித்துக் காயவைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நிலமில்லாத ஏழைகள். தோல் பதனிடும் ஷாப்புக்குப் போன ஒவ்வொரு வண்டிப் பட்டையிலும் அவர்கள் கூலி இருந்தது.

அந்தத் தொழில் எப்படிப் போனது? முதலில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்தது. அதில் துவர்ப்புச் சத்து கூடுதல், சரக்கு ஒரே தரம், தேவைப்பட்ட அளவு தேவைப்பட்ட நாளில் கிடைத்தது. ஆவாரம் பட்டைக்குத் தரமும் நிலையில்லை, வரத்தும் நிலையில்லை. யாரும் அதைப் பயிராக வளர்க்கவில்லை, உரித்து உரித்தே தீர்த்தார்கள். பிறகு இறக்குமதியைக் குறைக்கிறோம் என்று வாட்டில் மரத்தையே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நட்டார்கள். அது சோலையையும் புல்வெளியையும் விழுங்கிவிட்டது, இன்று அதை வெட்டி அகற்ற நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டு, முடித்த தோலாகவே அனுப்பு என்றது. வாரக்கணக்கில் ஊறவைக்கும் பட்டைப் பதனீடு, ஓரிரு நாளில் முடியும் குரோமியத்தின் முன் நிற்க முடியவில்லை. பட்டை உரித்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்த அறிக்கையிலும் ஒரு பத்தி கூட நான் படித்ததில்லை.

இன்றைய நார்த் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு ஆவாரம் பட்டைதான் நினைவுக்கு வருகிறது. தரம் சொல்லாத சரக்கு, எப்போது வரும் என்று தெரியாத வரத்து, பேரம் பேச அமைப்பில்லாத உழைப்பாளி. இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. வாழை நாரை வாங்குகிறவர் ஈரம் அதிகம் என்று எடையைக் கழிக்கிறார், விற்கிறவர் அடுத்த முறை ஈரத்தோடேயே கொண்டுவருகிறார். இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஈரமானியும், நீளம், நிறம், தூய்மை வைத்து எழுதிய மூன்று தர வரிசையும் இருந்தால் பாதிச் சண்டை தீரும். இது பெரிய அறிவியல் இல்லை. பஞ்சுக்கும் பாலுக்கும் பழக்கமான ஏற்பாடுதான்.

தண்ணீரை மறந்தால்

இயற்கை நார் என்ற பெயரே அதைத் தூய்மையாக்கிவிடாது. 2021 நவம்பரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை மாசு அநேகமாக இல்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து கட்டுப்பாடு கூடிய ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியபோது பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தொழிலின் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் பித்தைக் கழுவிய தண்ணீர் இறங்கிப் பக்கத்துக் கிணறு பழுப்பு நிறமானதாகச் சொன்ன விவசாயியின் பேச்சிலும் நியாயம் இருந்தது. வெளிநாட்டுப் பசுமைக் குடிலுக்குப் போகும் பித்தில் உப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகத் திரும்பத் திரும்ப நல்ல தண்ணீரில் அலசுவார்கள். அலசிய உப்பு நம் நிலத்தடியில் தங்கிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி கிணறுகளில் அப்படி அலச நல்ல தண்ணீரே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பொள்ளாச்சி செய்வதை இங்கே நகலெடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. உலர் முறையில் நார் பிரிப்பது, பித்தைக் கழுவாமல் காளான் விதை சேர்த்து மக்கவைத்து உரமாக்குவது, ஷூ ஆலைக்கு வேண்டிய நாரை மட்டும் இங்கேயே பாயாக ஊசியடித்துக் கொடுப்பது என்று இந்தப் பகுதியின் தண்ணீர் நிலைமைக்கு ஏற்ற பாதையை வகுத்துக்கொள்ள வேண்டும். தோல் ஆலைகள் தண்ணீருக்கும் உப்புக்கும் கணக்கு வைக்காமல் வளர்ந்து, பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்தன. அந்த நிலையங்களில் வடிகட்டிய உப்பு இன்னும் போக்கிடம் இல்லாமல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. நார்த் தொழில் அந்தச் செலவை முதல் நாளே விலையில் சேர்த்துவிட வேண்டும். சேர்த்த பிறகும் விலை கட்டுமா என்பதுதான் உண்மையான சோதனை. எதை எங்கே பயன்படுத்துவது என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால் கட்டும் என்பது என் நம்பிக்கை.

எதிலிருந்து தொடங்குவது?

மிகக் கடினமானதிலிருந்து தொடங்குவது நம் வழக்கமாகிவிட்டது. வாழை நாரில் சேலை, வாழை நாரில் தோல் போன்ற துணி என்று செய்தி வரும், படம் வரும். அனகாபுத்தூர் நெசவாளர்கள் பல வகை நார்களைச் சேர்த்து நெய்து காட்டியது பெருமைக்குரிய சாதனை, மறுப்பில்லை. ஆனால் டன் கணக்கில் நார் விற்க வேண்டிய விவசாயிக்கு உதவுவது, தரக் கட்டுப்பாடு மிகக் குறைவாக இருக்கும் பொருள்தான். ஷூவுக்குள் திணிக்கும் தாளையும் பெட்டியையும் வாழைக் கூழில் செய்யலாம். அது காலில் படுவதில்லை, மடிவதில்லை, சோதனையும் சுலபம். அடுத்த கட்டமாக இன்சோல் போர்டு, குதிகால் தாங்கி. இவற்றில் தென்னை நாரின் விறைப்பே ஒரு தகுதி, ரப்பர் பாலோடு சேர்த்து மெத்தை செய்யும் அனுபவம் கயிறுத் துறையிடம் ஏற்கெனவே உண்டு. வெளியே தெரியும் மேல்துணி கடைசியில் வரட்டும். அவசரமில்லை.

சோதனைக்கு ஊர் சுற்ற வேண்டியதில்லை. 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. ஷூ எத்தனை ஆயிரம் முறை மடிந்தால் உள்ளடி பிளக்கும், வியர்வையில் சாயம் விடுமா என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. தென்னை நாருக்கு ஆலப்புழை அருகே கலவூரில் மத்தியக் கயிறு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு கயிறு வணிகத்துக்கென்றே கோவையில் ஒரு நிறுவனத்தை அமைத்திருக்கிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு துறைகளின் கீழ் வருபவை. ஷூவுக்கான நார் அட்டை என்ற ஒரே பொருளுக்காக மூன்றையும் ஒரு மேசையில் உட்காரவைக்கும் வேலையைத் தொழில் துறை செய்ய வேண்டும்.

கூலி பற்றி ஒரு சொல். ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் ஷூவின் மேல்பகுதியை வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு ஜோடிக்குச் சில ரூபாய் என்ற கணக்கில்தான் கூலி கிடைத்துவந்திருக்கிறது. காப்பீடும் இல்லை, வைப்பு நிதியும் இல்லை. நார் உரிக்கும் வேலையும் சுய உதவிக் குழு என்ற பெயரில் அதே வழியில் போய்விடக் கூடாது. மலிவான பெண் உழைப்பின் மேல் நிற்கும் தொழிலுக்குப் பொருளாதார நிலைத்தன்மை என்று பெயர் வைக்க என் மனம் ஒப்பவில்லை. நார் எடுப்பவர் கிலோ கணக்கில் இல்லாமல் நாள் கூலிக்கு, ஷூ கம்பெனித் தொழிலாளிக்கு நிகரான சட்டப் பாதுகாப்போடு வேலை செய்தால் நார் விலை எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, அந்த விலைக்குத்தான் சந்தை தேட வேண்டும். ஜோடிக்கு 4 ரூபாய் ஏறினாலும் தாங்கும் என்று முன்பு சொன்னது இதையும் மனத்தில் வைத்துத்தான்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் 50 விழுக்காடு வரி போட்டபோது, ஒரே சந்தையையும் ஒரே பொருளையும் நம்புவதன் ஆபத்தைத் தோல் ஏற்றுமதியாளர்கள் நேரில் அனுபவித்தார்கள். பொள்ளாச்சி மில்காரர்கள் சீனாவிடம் பட்டதும் அதே வேதனைதான். ஒருவர் மற்றவருக்கு வாடிக்கையாளராக முடியும் என்ற நிலையில் இரண்டு தொழில்கள் ஒரே மாநிலத்தில் தனித்தனியாக அடிபட்டுக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

மாநில அரசிடம் கேட்பது இது. காலணிக் கொள்கையின்கீழ் சலுகை பெறும் ஒவ்வொரு தோல் அல்லாத காலணி ஆலையும், தன் துணைப் பொருள்களில் ஒரு சிறு விழுக்காட்டையாவது மாநிலத்துத் தாவர நாரில் செய்ததாக வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். சணலுக்கு ஒன்றிய அரசு செய்ததை விட இது மிகச் சிறிய உத்தரவாதம். மூன்று ஆண்டுக்குக் கீழ்வரம்பு விலையோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால், இயந்திரம் வாங்க வங்கியே கடன் கொடுக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஏற்றுமதியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த பருவத்துக்கு நீங்கள் தைக்கப்போகும் மாடல்களில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இன்சோல் போர்டுக்கு என்ன கனம், என்ன நீளம், எத்தனை விழுக்காடு ஈரம் வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, விலையையும் குறிப்பிட்டு, குடியாத்தத்து நார் மில்லுக்கு அனுப்புங்கள்.